வீழ்ந்த ஏவுகலங்கள் தந்த அறிவு

தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்னும் கூற்று பள்ளி ஆண்டு விழா முதல் பட்டமளிப்பு விழா வரை எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. ஆனால் தோல்வியுற்றவர்களில் பெரும்பாலோர் அந்தப் படியில் ஏறி மேலே சென்றதில்லை என்பதும், ஒரே பிழையை வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்பச் செய்து உழைப்பை இழந்தவர்களே மிகுதி என்பதும் அதே மேடைகளில் பேசப்படுவதில்லை. தோல்வி தானாக எதையும் கற்பிக்காது; அதை விசாரித்து, அளந்து, எழுதி வைத்து, அதன் விளைவாகச் செயல்முறையை மாற்றியவர்களுக்கே அது அறிவாகிறது. இந்த வேலைக்கு முறையும் பொறுமையும் வேண்டும். தோற்றவர் தாம் கண்டதை அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழலும் வேண்டும். இவை மூன்றும் ஒரு நிறுவனத்துக்குள் எவ்வாறு உருவாயின, எங்கே வலுப்பெற்றன, எங்கே இன்னும் சோதிக்கப்படுகின்றன என்பதற்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோவின் ஏவுகல வரலாற்றைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது.

ஏவுகலம், அதாவது செயற்கைக்கோளைச் சுமந்து விண்ணுக்குச் செல்லும் ராக்கெட், இந்த ஆய்வுக்குப் பொருத்தமாக அமைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் தோல்வியை யாராலும் மறைக்க முடியாது. பல ஆண்டுகளின் உழைப்பு சில நிமிடங்களில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது வங்கக் கடலில் விழுகிறது. இரண்டாவது, அது விழுவதற்கு முன் தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே அனுப்பிவிடுகிறது. கலத்துக்குள் பொருத்தப்பட்டிருக்கும் உணரிகள் அழுத்தம், வெப்பம், அதிர்வு, திசை, வேகம் ஆகியவற்றை அளந்து வானொலி அலைகளாகத் தரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தொலையளவியல் எனப்படும் இந்த ஏற்பாட்டினால், கலம் கடலுக்கடியில் போன பிறகும் அதன் கடைசி நொடிகளை ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்குப் பிரித்துப் படிக்க முடிகிறது. வாழ்க்கையின் பிற துறைகளில் தோற்றவர்களுக்கு இத்தகைய பதிவு கிடைப்பதில்லை. அவர்கள் நினைவை நம்புகிறார்கள். நினைவோ பெரும்பாலும் நம் பக்கமே சாய்கிறது.

நிறுத்தத் தெரிந்த கை

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3, 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது. நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் இயங்கும் அந்தக் கலமே செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்துவதற்கான இந்தியாவின் முதல் முயற்சி. முதற்கட்டம் குறையின்றி எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கலம் நிலை தடுமாறி, புறப்பட்ட 317 நொடிகளில் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் சிறு இயந்திரங்களுக்குத் தேவையான செம்புகை நைட்ரிக் அமிலம், மாசு படிந்து மூடாமல் நின்றுவிட்ட ஒரு மின்காந்த வால்வின் வழியாக, கலம் புறப்படுவதற்கு முன்பே கசிந்து போயிருந்தது என்று பின்னர் கண்டறியப்பட்டது. ஒரு துகள் அளவு அழுக்கு, பல ஆண்டு உழைப்பைக் கடலில் சேர்த்தது.

அன்று திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம், பிற்காலத்தில் பல மேடைகளில் தாமே எடுத்துரைத்த ஒரு செய்தி இங்கு முக்கியமானது. புறப்பாட்டுக்கு முந்தைய இறங்குமுக எண்ணிக்கையின்போது கணினி குறையைக் காட்டி ஏவுதலை நிறுத்தியது. கசிந்தது போக எஞ்சியிருக்கும் அளவே போதும் என்று உடனிருந்த வல்லுநர்கள் கூறியதை ஏற்று, அவர் கணினியின் தடையைக் கடந்து ஏவ முடிவு செய்தார். அன்று செய்தியாளர்களைச் சந்தித்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதும், 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது செய்தியாளர்கள் முன் கலாமை நிறுத்திவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார் என்பதும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லோரும் அறிந்த கதை. தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகவே இது சொல்லப்படுகிறது. அதன் பொறியியல் பயன் அதைவிடப் பெரிது. பழி தம்மீது விழாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே, வால்வைப் பொருத்தியவரும் கசிவைக் கண்டவரும் போதும் என்று கணக்கிட்டவரும் தாங்கள் செய்ததை ஆய்வுக் குழுவிடம் அப்படியே கூறுவார்கள். தவானின் அந்தச் செயல் ஓர் இளைஞரின் மனத்தைத் தேற்றியதோடு நிற்கவில்லை. உண்மை வெளிவருவதற்கான வாயிலையும் திறந்து வைத்தது.

கணினி நில் என்றபோது புறப்படச் செய்த அந்த முடிவை, 34 ஆண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்த இன்னொரு முடிவுடன் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 19 அன்று, ஜி.எஸ்.எல்.வி.-டி5 ஏவுகலம் புறப்படுவதற்கு 74 நிமிடங்கள் இருந்தபோது அதன் இரண்டாம் கட்டத்திலிருந்து எரிபொருள் கசிவது தெரிந்தது. 2010-இல் ஒரே ஆண்டில் அடுத்தடுத்து இரு கலங்களை இழந்திருந்த ஒரு திட்டத்துக்கு அன்றைய ஏவுதல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை எளிதில் உணரலாம். இருந்தும் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. கலம் ஏவுதளத்திலிருந்து இணைப்புக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டு, கசிந்த தொட்டியின் அலுமினியக் கலவையே விரிசலுக்கு இடம் தரக்கூடியது என்று கண்டறியப்பட்டதால், வேறு கலவையால் செய்யப்பட்ட புதிய இரண்டாம் கட்டம் பொருத்தப்பட்டது. பக்கத் துணை இயந்திரங்கள் நான்கும் மாற்றப்பட்டன. 2014 ஜனவரி 5 அன்று அதே கலம் 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 1979-இன் பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதற்கு 1980-இன் வெற்றியைக் காட்டிலும் 2013-இன் இந்த நிறுத்தமே வலுவான சான்று.

யார் என்னும் கேள்வியும் எது என்னும் கேள்வியும்

இஸ்ரோவில் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தோல்வி ஆய்வுக் குழு ஒன்று அமைக்கப்படுகிறது. நடந்ததை நொடி நொடியாக மீட்டமைப்பது, அந்த நிகழ்வுக்குக் காரணமாகக்கூடிய எல்லா வாய்ப்புகளையும் வரிசைப்படுத்துவது, தொலையளவித் தரவுகளோடு பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவது, எஞ்சும் வாய்ப்பைத் தரையில் சோதித்து அதே பிழையைத் திரும்ப உண்டாக்கிக் காட்டுவது, பின்பு திருத்தத்தைப் பரிந்துரைப்பது என்பது அந்தக் குழுவின் வேலைமுறை. இவற்றுள் பிழையை வேண்டுமென்றே மீண்டும் உண்டாக்கிக் காட்டும் கட்டமே மிகக் கடினமானது. பொதுவாழ்வில் அது அறவே இல்லாததும்கூட. ஒரு காரணம் பொருத்தமாகத் தோன்றியவுடன் மனம் அமைதியடைந்துவிடுகிறது. பொருத்தமாகத் தோன்றும் காரணம் உண்மையான காரணம்தானா என்று சோதிப்பதற்குத் தன் அமைதியைத் தானே குலைத்துக்கொள்ளும் ஒழுக்கம் வேண்டும்.

இந்த முறை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது ஏ.எஸ்.எல்.வி. திட்டத்தில்தான். 24 மீட்டர் உயரமும் 40 டன் எடையும் கொண்ட அந்தக் கலம், 150 கிலோ எடையைத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் சேர்ப்பதற்காகவும், அடுத்து வரவிருந்த பெரிய கலமாகிய பி.எஸ்.எல்.வி.க்குத் தேவையான நுட்பங்களைக் குறைந்த செலவில் முயன்று பார்ப்பதற்காகவும் வடிவமைக்கப்பட்டது. நடுவில் இருக்கும் முதற்கட்டத்தின் இருபுறமும் துணை இயந்திரங்கள் இரண்டைக் கட்டி, முதலில் அவற்றை எரித்து, அவை அணையும் தறுவாயில் நடுக்கட்டத்தை எரியவைப்பது அதன் புதுமை. 1987 மார்ச் 24 அன்று நடந்த முதல் பயணத்தில் துணை இயந்திரங்கள் எரிந்து முடிந்த பின் நடுக்கட்டம் எரியவே இல்லை. 1988 ஜூலை 13 அன்று நடந்த இரண்டாம் பயணத்தில் அது எரிந்தது, ஆனால் கலம் வானில் கட்டுப்பாடிழந்து முறிந்தது.

இரண்டாவது தோல்வியின் காரணத்தைப் புரிந்துகொள்ள இயங்கழுத்தம் என்னும் கருத்தை அறிய வேண்டும். காற்றைக் கிழித்துச் செல்லும் கலத்தின்மீது காற்று செலுத்தும் அழுத்தம், காற்றின் அடர்த்தியையும் கலத்தின் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. தரைக்கருகே அடர்த்தி மிகுதி, வேகம் குறைவு. உயரத்தில் வேகம் மிகுதி, அடர்த்தி குறைவு. இரண்டுக்கும் இடையே ஓர் உயரத்தில் அழுத்தம் உச்சத்தை அடைகிறது. ஏ.எஸ்.எல்.வி.யில் துணை இயந்திரங்கள் அணைந்து நடுக்கட்டம் பற்றிக்கொள்ளும் மாற்றம், கெடுவாய்ப்பாக, ஏறத்தாழ அந்த உச்ச வேளையிலேயே நிகழ்ந்தது. துணை இயந்திரங்களின் உந்துவிசை தேயும்போது கலத்தைத் திருத்தும் ஆற்றலும் தேய்கிறது. நடுக்கட்டம் வலுப்பெறுவதற்கு ஒரு கணம் தாமதமானாலும், அந்தக் கணத்தில் கலத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கலம் சற்றே சாய்ந்தால் காற்று அந்தச் சாய்வைப் பெரிதாக்குகிறது. சாய்வு பெரிதானால் காற்றின் சுமை கலத்தை முறிக்கிறது. எரியூட்டும் கட்டளை முன்கூட்டியே குறிக்கப்பட்ட நேரத்தில் செல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. துணை இயந்திரங்களோ குறித்த நேரத்துக்குக் கட்டுப்பட்டு அணைவன அல்ல.

அடுத்த பயணத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. துணை இயந்திரங்களின் உந்துவிசை குறைவதைக் கலமே உணர்ந்து, அந்த உணர்வின் அடிப்படையில் நடுக்கட்டத்தை எரியூட்டும் ஏற்பாடு செய்யப்பட்டது, கலத்தின் அடிப்பகுதியில் நிலைப்புக்காகச் சிறகுகள் சேர்க்கப்பட்டன, தானியங்கிச் செலுத்தியின் திருத்தும் திறன் கூட்டப்பட்டது, பாதையும் மாற்றப்பட்டது. கடிகாரத்தை நம்பியிருந்த ஒரு செயல் இவ்வாறு நிலைமையை நம்பும் செயலாக மாறியது. 1992 மே 20 அன்று 106 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளுடன் சென்ற கலம், எதிர்பார்த்ததைவிடத் தாழ்வான பாதையிலேனும், விண்ணை அடைந்தது. 1994 மே 4 அன்று நடந்த நான்காம் பயணத்தோடு அந்தத் திட்டம் முடிவுற்றது. எண்ணிக்கையில் பார்த்தால் நான்கில் இரண்டு தோல்வி. பயனில் பார்த்தால் பி.எஸ்.எல்.வி.யின் அடித்தளத்தில் பெரும்பகுதி இங்கேதான் இடப்பட்டது. ஏ.எஸ்.எல்.வி.யைத் தோல்வித் திட்டம் என்று ஒதுக்கி எழுதுபவர்கள், ஒரு பரிசோதனையைக் கடைவீதிப் பண்டத்தின் அளவுகோலால் அளக்கிறார்கள்.

பி.எஸ்.எல்.வி.யின் தொடக்கமும் தோல்வியே. 1993 செப்டம்பர் 20 அன்று ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளுடன் புறப்பட்ட முதற்கலம், இரண்டாம் கட்டம் பிரிந்து மூன்றாம் கட்டம் தொடங்கும் இடைவெளியில் நிலை குலைந்தது. பிரிந்த கட்டத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய சிறு ராக்கெட்டுகளில் இரண்டு இயங்காததால் கலத்தில் ஒரு குலுக்கல் ஏற்பட்டது. அதைத் திருத்த முனைந்த கணினியின் கட்டளை, நிரலில் குறிக்கப்பட்டிருந்த உச்ச வரம்பைக் கடந்தபோது, அந்த வரம்பைக் கடந்தால் மட்டுமே தலைகாட்டக்கூடிய ஒரு நிரற்பிழை வெளிப்பட்டது. குலுக்கல் நேர்ந்திராவிட்டால் அந்தப் பிழை வெளிவந்தே இராது. கலம் வெற்றி பெற்றிருக்கும். பிழையோ அடுத்தடுத்த கலங்களிலும் உறங்கிக்கொண்டிருந்திருக்கும். இரண்டும் திருத்தப்பட்டு, 1994 அக்டோபர் 15 அன்று 804 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.எஸ்.-பி2 சுற்றுப்பாதையை அடைந்தது. 2008-இல் சந்திரயான்-1, 2013-இல் மங்கள்யான் ஆகியவற்றை ஏற்றிச் சென்றதும், 2017 பிப்ரவரியில் 104 செயற்கைக்கோள்களை ஒரே பயணத்தில் விண்ணில் விட்டதும் இந்தக் கலமே.

வெற்றிக்குள் ஒளிந்திருக்கும் பிழை

உறங்கும் பிழை என்னும் இந்தக் கருத்து, வெற்றியாளர்களின் கற்றலில் மிக அரிதாகவே கவனிக்கப்படும் பகுதி. தோல்வியை ஆராய்வதற்கு நெருக்கடியே தூண்டுகோலாகிறது. வெற்றியை ஆராய்வதற்குத் தூண்டுகோல் ஏதுமில்லை. இதன் கொடிய விளைவை அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா இரு முறை கண்டது. சாலஞ்சர் விண்ணோடம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்து எழுவர் இறப்பதற்கு முன்பே, திட எரிபொருள் இயந்திரத்தின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தது பல பயணங்களில் கண்டறியப்பட்டிருந்தது. அந்தப் பயணங்கள் நல்லபடியாக முடிந்ததனால், அரிப்பு ஓர் எச்சரிக்கையாகக் கருதப்படாமல், தாங்கிக்கொள்ளக்கூடிய வழக்கமாகக் கருதப்பட்டது. ஏவுதலுக்கு முந்தைய நாள் இரவு, குளிரில் அந்த வளையங்கள் நெகிழ்வை இழக்கும் என்று பொறியாளர்கள் எச்சரித்தும் அவர்களுடைய சொல் எடுபடவில்லை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்ததற்கும் இதே மனப்போக்கு காரணம்: வெளித் தொட்டியிலிருந்து நுரைத்துண்டுகள் பெயர்ந்து விழுவது முன்பு பலமுறை நிகழ்ந்து, தீங்கின்றி முடிந்து, பழகிப்போயிருந்தது. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு பயணமும் ஒரு தோல்வியாகவே ஆராயப்பட்டிருக்க வேண்டும் என்பதை 14 உயிர்கள் போன பின்பே அந்நிறுவனம் உணர்ந்தது.

இந்தியாவின் ஜி.எஸ்.எல்.வி. வரலாற்றிலும் இத்தகைய சிறு பிழைகள் பெரும் விலை கேட்டிருக்கின்றன. 2006 ஜூலை 10 அன்று ஒரு பக்கத் துணை இயந்திரம் புறப்பட்டவுடனே விசை இழந்ததற்கு, எரிபொருள் சீராக்கி ஒன்றின் உள்ளளவில் தயாரிப்பின்போது நேர்ந்து, பரிசோதகர் கண்ணிலும் தப்பிய பிழையே காரணம். 2010 டிசம்பர் 25 அன்று புறப்பட்ட கலத்தில் 48-ஆம் நொடியை ஒட்டி மின்னிணைப்புகள் பிய்ந்து போனதால், மேலிருந்த கணினியின் கட்டளைகள் கீழிருந்த இயந்திரங்களைச் சென்றடையவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று நேர்ந்த இழப்பு, இவற்றைவிட ஆழமான பாடத்தைக் கொண்டது. அன்றுதான் இந்தியாவில் உருவான கிரையோஜெனிக் இயந்திரம் முதன்முறையாக விண்ணில் இயக்கப்பட்டது. கிரையோஜெனிக் என்பது கடுங்குளிர் நுட்பம். மைனஸ் 253 பாகையில் திரவமாகும் ஹைட்ரஜனும் மைனஸ் 183 பாகையில் திரவமாகும் ஆக்சிஜனும் அதில் உந்துபொருள்களாகின்றன. இந்த நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெறுவதற்கான ஒப்பந்தம் அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-இல் குலைந்து, ஆயத்த இயந்திரங்கள் மட்டுமே கிடைக்கும் என்றான பிறகு, இந்தியப் பொறியாளர்கள் அதைத் தாங்களே உருவாக்க 16 ஆண்டுகள் உழைத்திருந்தார்கள். இயந்திரம் பற்றிக்கொண்டது. ஹைட்ரஜனைத் தள்ளும் துணைச் சுழல்பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்றுகள் என்னும் வேகத்தை எட்டி, 0.9 நொடிக்குப் பின் வேகம் குறையத் தொடங்கி, அடுத்த 0.6 நொடியில் நின்றுவிட்டது. ஆய்வுக் குழு இரண்டு சாத்தியங்களைச் சுட்டியது: சுழலி எங்கோ இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது சுழலியின் உறை மிகை அழுத்தத்தாலும் வெப்பத் தகைவாலும் வெடித்திருக்கலாம். இரண்டில் எது என்று உறுதியாகக் கூற முடியாதபோது ஒன்றை ஊகித்துத் திருத்திவிட்டு ஏவுவது எளிது. இஸ்ரோ இரண்டையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடமில்லாதபடி பம்பைத் திருத்தி அமைத்தது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உயர்வெளிச் சூழலைப் போலக் காற்றற்ற அறை உண்டாக்கி, 2013-இல் இயந்திரத்தை அங்கேயே எரியூட்டிப் பார்த்தது. முன்பு தரையில் நடந்த சோதனைகள் எல்லாம் இயந்திரம் வேலை செய்கிறதா என்று கேட்டன. இந்தச் சோதனையோ அது வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே வேலை செய்கிறதா என்று கேட்டது. முடிந்த வேலையைச் சோதிப்பதற்கும் வாழும் சூழலைச் சோதிப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியில் விழுந்த தொழில்களும் திட்டங்களும் எண்ணற்றவை.

தோல்வியை முன்வைத்து வடிவமைத்தல்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 7.4 கிலோமீட்டர் உயரம் வரையிலான முதற்கட்டத்தில் அதன் வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகத் திட்டமிட்டபடி குறைந்தது என்றும், அடுத்த கட்டத்தில் வேகக்குறைப்பு வடிவமைக்கப்பட்ட அளவைவிட மிகுந்துவிட்டது என்றும், குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் அது மோதி இறங்கியது என்றும் நாடாளுமன்றத்தில் அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் இஸ்ரோ தலைவர் எஸ்.சோமநாத் விரிவாக விளக்கியபோது, மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தது வெளிப்பட்டது. ஐந்து இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிட மிகையான விசையைத் தந்தன. படமெடுப்பதற்காகக் கலம் அசையாமல் செல்ல வேண்டியிருந்த கட்டத்தில் அந்த மிகையின் பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போயின. சேர்ந்த பிழையைச் சரிசெய்ய விரைவாகத் திரும்ப வேண்டியபோது, அத்தகைய விரைவு தேவைப்படும் என்று யாரும் எண்ணியிராததால், மென்பொருள் திரும்பும் வேகத்துக்கு விதித்திருந்த வரம்பு குறுக்கே நின்றது. மூன்றாவதாக, இறங்குவதற்கு 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்னும் சிறிய இடமே ஒதுக்கப்பட்டிருந்ததால், தரைக்கு மிக அருகே வந்துவிட்ட நிலையிலும் கலம் அந்த இடத்தைத் தேடி விரைந்துகொண்டிருந்தது.

இவற்றுள் மூன்றாவது காரணம் பொறியியலுக்கு வெளியேயும் பொருள் தருவது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த கலம், எங்கேயாவது பத்திரமாக இறங்கினால் போதும் என்று தன் குறிக்கோளைத் தளர்த்திக்கொள்ள அனுமதிக்கப்படவில்லை. குறித்த புள்ளியை அடைய வேண்டும் என்னும் கட்டளையே அதன் அழிவை விரைவுபடுத்தியது. நிலைமை மாறிய பின்னும் பழைய இலக்கை விடாமல் பற்றிக்கொள்வதை மனவுறுதி என்று போற்றும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. தேர்வு மதிப்பெண், குறிப்பிட்ட கல்லூரி, குறிப்பிட்ட பணி என்று ஒரே புள்ளியை வைத்துப் பிள்ளைகளை இறக்கப் பார்க்கும் பெற்றோர்கள், அடுத்து வந்த சந்திரயான்-3 தான் இறங்கும் இடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும் 2.5 கிலோமீட்டர் அகலமுமாக விரித்துக்கொண்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சந்திரயான்-3-இல் செய்யப்பட்ட மாற்றங்கள் அந்த மூன்று காரணங்களோடு நின்றிருந்தால் அது வெறும் பழுதுபார்ப்பாகவே இருந்திருக்கும். முந்தைய கலம் வெற்றியை முன்வைத்து வடிவமைக்கப்பட்டது என்றும், புதியது தோல்வியை முன்வைத்து வடிவமைக்கப்பட்டது என்றும் சோமநாத் விளக்கினார். எல்லாம் சரியாக நடந்தால் கலம் எப்படி இறங்கும் என்று கணக்கிடுவது முதல் முறை. எந்தெந்த உறுப்பு பழுதாகக்கூடும், அப்படிப் பழுதானாலும் கலம் எப்படிப் பிழைக்கும் என்று கணக்கிடுவது இரண்டாம் முறை. உணரி தவறினால், இயந்திரம் அணைந்தால், கணக்கு பிசகினால் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு தேடப்பட்டது. நடு இயந்திரம் நீக்கப்பட்டு இயந்திரங்கள் நான்காயின. அவற்றில் இரண்டு இயங்காவிட்டாலும் இறங்க முடியும் என்னும் நிலை உருவாக்கப்பட்டது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கிய கால்கள் 3 மீட்டர் வேகத்தைத் தாங்கும்படி வலுவாக்கப்பட்டன. எரிபொருள் கூட்டப்பட்டது, தரையை நோக்கிய வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்க்கப்பட்டது, ஹெலிகாப்டரிலும் பாரந்தூக்கியிலும் கட்டித் தொங்கவிட்டு உணரிகளும் இயந்திரங்களும் சோதிக்கப்பட்டன. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், அதைப் பொடித்து ஆக்கிய மண், நிலவுத் தரைக்கான சோதனைகளுக்கு முன்பே கைகொடுத்திருந்தது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணத்தின் கலம், 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெதுவாகத் தரையிறங்கியது. 2019-இல் தரையிறங்கு கலம் மோதியபோதும் பழுதின்றிச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2-இன் சுற்றுகலமே, புதிய கலம் இறங்குவதற்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கப் படங்களைத் தந்தது. பாதி தோற்றதாகச் சொல்லப்பட்ட பயணத்தின் எஞ்சிய பாதி அடுத்த பயணத்தின் கண்ணாயிற்று.

ஆயினும் தோல்வியை ஒருமுறை வென்றவர்கள் எப்போதைக்குமாக வென்றுவிடுவதில்லை. 1980-இல் வென்ற எஸ்.எல்.வி.-3 அடுத்த ஆண்டே தன் செயற்கைக்கோளை மிகத் தாழ்வான பாதையில் விட்டது; அது ஒன்பது நாள்களில் எரிந்து போனது. கிரையோஜெனிக் இயந்திரம் தேறிவிட்டது என்று கருதப்பட்ட பிறகு, 2021 ஆகஸ்ட் 12 அன்று ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தத்தைக் காக்கும் வால்வு ஒன்று கசிந்ததால் அழுத்தம் குறைந்து ஒரு ஜி.எஸ்.எல்.வி. வீழ்ந்தது. மாசு படிந்த வால்வில் 1979-இல் தொடங்கிய கதை, வேறொரு வால்வில் திரும்பவும் நிகழ்ந்தது. மிகவும் நம்பத்தக்கது என்று பெயர் பெற்ற பி.எஸ்.எல்.வி.யும் 2017 ஆகஸ்ட் 31 அன்று வெப்பக்கவசம் பிரியாததால் ஒரு செயற்கைக்கோளை இழந்தது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 பயணத்தில், மூன்றாம் கட்டத்தின் எரிகலத்தில் அழுத்தம் குறைந்து இ.ஓ.எஸ்.-09 செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. நீண்ட வெற்றி வரிசைக்குப் பின் வரும் தோல்வியே ஒரு நிறுவனத்துக்கு மிகக் கடினமான தேர்வு. ஏனெனில் அப்போது ஆராயப்பட வேண்டியது ஒரு வால்வோ ஒரு கட்டமோ மட்டுமன்று, வெற்றி பெற்ற ஆண்டுகளில் எந்தச் சோதனை சடங்காகிப்போனது என்பதும்கூட.

இந்த இடத்தில்தான் வெளிப்படைத்தன்மை பற்றிய கேள்வி எழுகிறது. 2006-இலும் 2010-இலும் நேர்ந்த தோல்விகளுக்குப் பின், ஆய்வுக் குழுக்கள் கண்ட காரணங்களைச் சுழற்சி வேகமும் நொடிக் கணக்கும் உட்பட இஸ்ரோ பொதுமக்கள் முன் வைத்தது. பம்பு 0.6 நொடியில் நின்றது என்பதை இன்று ஒரு கல்லூரி மாணவர் படித்தறிய முடிவது அதனால்தான். அந்த வழக்கம் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும், எவ்வளவு சங்கடம் தருவதாயினும், குறையின்றித் தொடர வேண்டும். பாதுகாப்பு சார்ந்த செய்திகளை நீக்கிவிட்டு, 1979 முதலான தோல்வி ஆய்வுகளின் சாரத்தைத் தொகுத்துத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாகத் தருவது இஸ்ரோவின் ஆற்றலுக்கு உட்பட்டதே. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பயிலும் மாணவர்கள் வேலை செய்த இயந்திரங்களைப் பற்றியே பெரிதும் படிக்கிறார்கள். வேலை செய்யாமல் போன ஓர் இயந்திரத்தை, அதன் கடைசி ஒன்றரை நொடியின் தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, காரணம் தேடும் பயிற்சி அவர்களுக்குக் கிட்டுவதில்லை. அத்தகைய தொகுப்பின் முதல் பக்கத்தில், மூடாமல் நின்றுவிட்ட அந்த வால்வின் வரைபடம் இடம்பெறத் தகுதியுடையது.